செம்பு பிடித்த கை: பாதியில் நின்ற ஒரு கதையின் நிகழ்வு ஆய்வு

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் உடுக்கடித்துக் கதை பாடும் முதியவர் ஒருவரை வைத்து நெடுங்கதை எழுதத் தொடங்கினேன். அது 2016 தை மாதம். எட்டு அத்தியாயம் மளமளவென்று வந்தது. ஒன்பதாவதாக எழுத வேண்டியிருந்த படுகள அத்தியாயம், அதாவது போர்க்களத்தில் உயிர் விடுகிற காட்சி, மூன்றரை வருடம் அப்படியே நின்றுவிட்டது. அதை மட்டும் ஆறு முறை முதல் வரியிலிருந்து எழுதினேன். ஆறாவது வடிவம் 46 பக்கம். கடைசியில் அச்சுக்குப் போனது 11 பக்கம்.

அந்த மூன்றரை வருடமும் நான் கையில் பெரும்பாலும் வைத்திருந்தது பேனா இல்லை. இரவெல்லாம் கதைப்பாட்டை ஒலிப்பதிவு செய்தேன், படம் எடுத்தேன். "எழுதறத உட்டுப்போட்டு ஏனுங்க கேமராவத் தூக்கிட்டு அலையறீங்க?" என்று கேட்டவர்கள் எல்லோரும் என் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் கதை முடிந்தது அந்த அலைச்சலால்தான். எப்படி முடிந்தது என்பதை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன். இதே மாதிரி ஓர் இடத்தில் நின்றுபோயிருக்கும் யாருக்காவது உதவினால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வீட்டில் இருந்த ரேடியோ, மாமாவின் இருட்டறை

எங்கள் அப்பாவுக்கு ரேடியோ இல்லாமல் பொழுது போகாது. தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காரும்போது கோவை வானொலி பாடிக்கொண்டிருக்கும். கே.பி. சுந்தராம்பாள் குரல் வந்துவிட்டால் சோற்றுக் கை அப்படியே நிற்கும். "நம்ம கொடுமுடிக்காரம்மா" என்பார், ஏதோ பக்கத்து வீட்டு அத்தையைச் சொல்வது போல. கொடுமுடி எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். பாட்டு என்பது நம் மண்ணிலிருந்தே வருகிற விஷயம் என்கிற எண்ணம் எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரத்தில் வந்ததுதான்.

படம் வந்தது அம்மா வழியில். மாமா காங்கேயத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க அவருடைய இருட்டறையில்தான் இருப்பேன். பேப்பர் கழுவும்போது சிவப்பு விளக்கு எரியும். டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாள் கிடக்கும், முதலில் தலைமுடி தெரியும், அப்புறம் கண், கடைசியாகச் சேலைக் கரை. பிலிம் கழுவும் நேரத்தில் அந்தச் சிவப்பு விளக்கும் கிடையாது. கும்மிருட்டில் மாமா விரலால் தடவித் தடவிப் பிலிமைச் சுருளில் ஏற்றுவார். அந்த மூன்று நான்கு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பேப்பர் பெரும்பாலும் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து'. மலைக்கு மேலே செய்த தாளில் எங்கள் ஊர்ச் சனம் முகம் முகமாக எழுந்து வரும்.

கல்யாணப் பெண்ணைப் படமெடுக்க உட்கார வைத்தால் மாமா விளக்கை ஒருபோதும் நேராக வைக்க மாட்டார். பக்கவாட்டில் தள்ளித்தான் வைப்பார். "நேரா அடிச்சா மூஞ்சி தோசையாட்ட ஆயிரும் கண்ணு" என்பார். அந்த வார்த்தையை நான் முப்பது வருடம் மறந்திருந்தேன். இந்த ஆய்வுக்கு அதுதான் சாவி.

படுகளம் என்கிற இடம்

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை தெரியாத வீடு குறைவு. பொன்னரும் சங்கரும் போர்க்களத்தில் உயிர் விடுகிறார்கள். தங்கை தேடிக்கொண்டு வருகிறாள். அவளுக்காகச் சற்று நேரம் எழுந்து பேசிவிட்டு அண்ணன்கள் மறுபடியும் சாய்ந்துவிடுகிறார்கள். கதையின் உயிரான இடம் அது. 1965ல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் எங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதைப்பாட்டை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1992ல் அது தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் அச்சானது. அச்சுப் பிரதியைப் படித்தபோது எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் தவிப்பு. வரிகள் எல்லாம் இருந்தன. வரிகளுக்கு நடுவே உடுக்கை என்ன செய்தது என்பதைத் தாளில் எப்படிக் கொண்டுவர முடியும்?

உடுக்கை இடை சிறுத்து, இரண்டு பக்கமும் தோல் கட்டிய சின்ன வாத்தியம். நடுவே ஓடும் கயிற்றை இடது கை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வலது கை விரல்கள் அடிக்கும். நல்ல பாடகர் கையில் அது அழும், அதட்டும், குதிரை ஓடும்.

கதை பாடுவதோடு சில ஊர்களில் படுகளம் விழுவதும் உண்டு. அருள் வந்தவர்கள் செத்தவர்கள் போல விழுந்து கிடப்பார்கள். மேலே துணி போர்த்தியிருக்கும். தங்கையின் இடத்தில் நிற்கும் பெண் தண்ணீர் தெளித்து எழுப்புவார். என் ஒன்பதாவது அத்தியாயம் இந்தக் காட்சிதான்.

எங்கே தவறியது

ஆறாவது வடிவத்திலிருந்து நான்கு வரி:

"சங்கர் சாய்ந்தான். களம் முழுவதும் செந்நீர். வானம் இருண்டது. பாடகரின் குரல் இடியாக முழங்க, கூடியிருந்த அத்தனை கண்களிலும் கண்ணீர் ஆறாகப் பெருகியது."

இதில் இலக்கணப் பிழை இல்லை. படிப்பவருக்கு ஒன்றுமே ஆகாது, அவ்வளவுதான். அன்று எனக்கு அது புரியவில்லை. வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ரத்தம், இன்னும் கொஞ்சம் அழுகை என்று சேர்த்துக்கொண்டே போனேன். 20 பக்கம் 30 ஆனது, 30 பக்கம் 46 ஆனது. ஒவ்வொரு வடிவத்திலும் கதை சொல்பவள் களத்துக்கு நேர் எதிரே, நடு மையத்தில் நின்று எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்தாள். எதையும் விடாமல் சொன்னாள், எங்கும் மூச்சு விடவில்லை. இதை இன்று இத்தனை தெளிவாகச் சொல்கிறேன். கண்டுபிடிக்க மூன்று இரவும் ஒரு பகலும் தேவைப்பட்டன.

முதல் இரவு

கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கியிருந்தேன். பாடகர் பேச்சுக் குரலில் கதை தொடங்கியபோது ஒலியளவு குறைவாக இருக்கிறதே என்று ஏற்றி வைத்தேன். உடுக்கை எழுந்த முதல் அடியிலேயே எல்லாம் உச்சியில் முட்டி நொறுங்கியது. அப்படி முட்டிய ஒலியின் தலை வெட்டுப்பட்டுவிடும், பின்னால் எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருப்ப முடியாது. அந்த நாலு மணி நேரப் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். உடுக்கை கேட்கிற இடமெல்லாம் தகரம் கிழிகிற சத்தம்தான். பிறகு கற்றுக்கொண்ட வழக்கம்: பாட்டின் மிக உரத்த இடத்தைக் கேட்டு, அது மைனஸ் 12 டிபி (ஒலி முட்டுகிற உச்சிக்கு 12 டெசிபல் கீழே) அருகே நிற்கும்படி வைத்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். மெல்லிய இடத்தை வீட்டில் கூட்டிக்கொள்ளலாம்.

அதே இரவில் மாமாவின் பழைய பிளாஷையும் பயன்படுத்தினேன். இடைவேளையில் பாடகர் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல்.

"அம்மிணி, அந்த வெளிச்சம் அடிச்சுதுன்னா எம்முன்னால நிக்கற சங்கரு போயிர்றானுங்."

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று கழற்றிப் பைக்குள் வைத்தேன். அதற்கப்புறம் அந்த பிளாஷை எடுக்கவே இல்லை.

இரண்டாம் இரவும், வெறுமையாக வந்த பிலிமும்

அடுத்த வருடம் கறுப்பு வெள்ளைப் பிலிம் போட்டுக்கொண்டு போனேன். மாமா இறந்து இருட்டறையும் மூடியிருந்தது, அதனால் பிலிமை ஒரு கடையில் கழுவக் கொடுத்தேன். அவர்கள் அதைக் கலர் பிலிமுக்கான ரசாயனத்தில் ஓட்டிவிட்டார்கள். கலர் பிலிமில் கடைசியில் நிற்பது சாயம் மட்டும், வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிடுவார்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளிதான். 36 படமும் கண்ணாடி மாதிரி வெறுமையாகத் திரும்பி வந்தன. அன்று ராத்திரி நான் அழுதேன்.

படம் போனதால் ஒலியைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். பஸ்ஸில், சமையலறையில், விடைத்தாள் திருத்தும்போது. நாற்பது தடவை கேட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. சங்கர் சாய்கிற வரி வந்ததும் உடுக்கை நின்றுவிடுகிறது. பாடகர் குரலும் இல்லை, பின்பாட்டுக்காரரின் "ஆமா"வும் இல்லை. ஒன்பது விநாடி. தூரத்தில் ஒரு குழந்தை இருமுகிறது, யாரோ செருப்பைத் தேய்க்கிறார்கள். அப்புறம் ஒரே ஒரு அடி, கயிறு தளர்ந்த தாழ்ந்த அடி. நேரில் உட்கார்ந்திருந்தபோது இந்த ஒன்பது விநாடி என் காதில் விழவே இல்லை. என் கண் கேமராவில் இருந்தது.

அவரைப் பார்க்கும்போது கேட்டேன், "அந்த எடத்துல ஏனுங்க ஐயா உடுக்கை அடிக்கறதில்ல?"

"சாவுக்கு மோளம் உண்டு அம்மிணி. உசுரு போற நேரத்துக்கு ஏது மோளம்?"

என் ஆறு வடிவங்களிலும் உயிர் போகிற நேரத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது நான்.

அறச்சலூர்

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறச்சலூர் போனேன். ஈரோட்டிலிருந்து காங்கேயம் வரும் வழியில் இருக்கிறது. அங்கே நாகமலையில், குகைத்தளத்துப் பாறையில் பழந்தமிழ் இசைக் கல்வெட்டு உண்டு. எழுத்தும் இசையும் ஒன்றாக இருக்கிற ஒரு கல் நம் பக்கத்திலேயே இருக்கும்போது அதைப் படமெடுக்காமல் இருப்பதா என்றுதான் கிளம்பினேன்.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எழுத்து. ஐந்துக்கு ஐந்தாக அடுக்கிய தாள எழுத்துகள்:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றே. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கால் தானாக அசையும். பக்கத்தில் அமைத்தவரின் பெயர்: எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னும் மணியும் காசும் நோட்டம் பார்க்கிறவர். கண்ணால் மாற்று அறிகிற தொழில்காரர் ஒருவர், காதால் அறிய வேண்டிய எழுத்துகளைச் சேர்த்து அமைத்திருக்கிறார். அந்தப் பெயரைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. கண்ணும் காதும் எழுத்தும் தனித்தனி வேலை என்று பேசுகிறோமே, நம் நாட்டின் மிகப் பழைய எழுத்துக்காரர்களில் ஒருவர் அப்படி நினைக்கவில்லை.

ஆனால் படம் வரவில்லை. நேர் எதிரே நின்று எடுத்த ஒவ்வொன்றிலும் வெறும் பாறைதான். வெட்டு ஆழமில்லாதது, மேற்பரப்பும் சொரசொரப்பு. சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின் மேல் தேய்த்துத் தெரிய வைக்கிற கெட்ட பழக்கம் பல இடங்களில் உண்டு. கல்வெட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை, தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். கூட வந்த என் தம்பி மகனிடம் டார்ச்சைக் கொடுத்து, பாறையோடு ஒட்டினாற்போல ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். வெட்டின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் விழுந்தன. தா என்ற எழுத்து எழுந்து வந்தது, அப்புறம் தே, அப்புறம் மொத்த வரிசையும். மாமாவின் தட்டில் முகம் எழுந்து வருவது போலவே.

அங்கேயே மாமாவின் தோசை ஞாபகம் வந்தது. என் ஒன்பதாவது அத்தியாயமும் ஞாபகம் வந்தது. நேராக அடித்த வெளிச்சம். 46 பக்கம்.

தப்பட்டைத் தீ

மூன்றாவது இரவில் நான் களத்துக்கு எதிரே போய் உட்காரவில்லை. ஓரத்தில், தப்பட்டை காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பனி இறங்கினால் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும். தீயில் காட்டினால் ஈரம் போய் இறுகும், சுருதி ஏறும். அதனால் இரவு முழுக்க அங்கே வைக்கோலும் சோளத்தட்டும் எரிந்துகொண்டிருக்கும். தாழ்ந்த, பக்கவாட்டு வெளிச்சம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப் 2 (அகலத் திறந்த லென்ஸ் துளை), ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. டிஜிட்டல் கேமரா, பிளாஷ் இல்லை.

அங்கிருந்து பார்த்தால் பாடகரின் முதுகுதான் தெரிந்தது. விழுந்து கிடந்தவர்களின் கால்மாடு தெரிந்தது. எனக்கு மிகப் பக்கத்தில், கையில் பித்தளைச் செம்போடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். எழுப்ப வேண்டியவர் அவர்தான். முந்தைய இரண்டு வருடமும் அவர் அங்கே நின்றிருக்க வேண்டும். நான் பார்க்கவே இல்லை.

உடுக்கை நின்றது. இந்த முறை அந்த மௌனத்தில் நான் ஒரே ஒரு படம் எடுத்தேன்.

மறுநாள் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் துல்லியம், ஒரு பாதி தீ வெளிச்சத்தில், மறு பாதி இருட்டில். செம்பு பிடித்த கை மட்டும் கலங்கியிருந்தது, அந்த முப்பதில் ஒரு பங்கு விநாடியில் அவ்வளவு நடுங்கியிருக்கிறது. கண்கள் பாடகரைப் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஒரு துணியின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "போன வருசம் அந்த ஓரந்தானுங்க மொதல்ல அசைஞ்சுது" என்றார். துணிக்குக் கீழே கிடந்தது அவர் கூடப் பிறந்த தம்பி. வருடா வருடம் விழுகிறவர். அருள்தான், எழுந்துவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்குகிறது. "எந்திரிக்காமப் போயிட்டான்னாங்கற நெனப்பு வராம இருக்குமுங்களா?"

இதைக் கேட்ட பிறகு எழுத வேண்டியது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதியது

அத்தியாயத்தைப் புதிதாக எழுத எடுத்தது நான்கு நாள். கதையில் பாடகரின் தமக்கையாக ஒரு பாத்திரம் ஏற்கெனவே இருந்தது, இரண்டு இடத்தில் காபி கொண்டுவந்து வைப்பாள். செம்பை அவள் கையில் கொடுத்தேன். அத்தியாயம் முழுவதும் அவள் நிற்கிற ஓரத்திலிருந்து. சங்கர் சாய்கிற இடம் இப்படி ஆனது:

"உடுக்கை நின்றது. செம்பில் தண்ணீர் தளும்பி விரலை நனைத்தது. போன வருடம் இடது ஓரம் அசைந்தது. அவள் இடது ஓரத்தைப் பார்த்தாள்."

அதற்குக் கீழே ஒரு வரி அளவு இடம் விட்டேன். அடுத்த பத்தி குழந்தையின் இருமலோடு தொடங்குகிறது. ரத்தம், இடி, கண்ணீர் ஆறு எல்லாம் போய்விட்டன. சங்கரின் பெயர்கூட அந்தப் பக்கத்தில் வரவில்லை. இந்தப் பக்கத்து வாசகருக்கு அது தெரியும், தெரியாதவருக்கு அவள் கை சொல்லிவிடும். போனதில் நான் வருந்துகிற ஒன்றும் உண்டு: உடுக்கையைப் பற்றி மட்டும் ஆறு பக்கம் எழுதியிருந்தேன், அது நல்ல எழுத்து, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஓரத்தில் செம்போடு நிற்பவள் அந்த நேரத்தில் உடுக்கையின் தோலைப் பற்றி நினைக்க மாட்டாள்.

எல்லோருக்கும் கேமரா வேண்டும், ரெக்கார்டர் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் விஷயத்தில் கருவி வாங்கியதால் மட்டும் எதுவும் நடக்கவில்லை. முதல் இரவில் இரண்டு கருவியும் இருந்தன, இரண்டுமே கெடுத்தன. நாற்பது தடவை கேட்டதும், ஓரத்துக்கு நகர்ந்து நின்றதும்தான் வேலை செய்தன. படம் தொலைந்திராவிட்டால் நாற்பது தடவை கேட்டிருப்பேனா? சந்தேகம்தான்.

கதை ஒரு சிற்றிதழில் தொடராக வந்து, பின்பு புத்தகமானது. படுகள அத்தியாயத்தைப் பாடகருக்கு அவர் வீட்டுத் திண்ணையில் படித்துக் காட்டினேன். காலியாக விட்ட வரி வந்ததும் நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் உடுக்கை இருந்தது. சற்று நேரம் கழித்து, "ம், சொல்லுங்க அம்மிணி" என்றார்.

அந்தப் படத்தை அட்டையில் போட வேண்டும் என்று பதிப்பாளருக்கு ஆசை, எனக்கும் ஆசை. அந்த அம்மாவிடம் கேட்டபோது படத்தை வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்தார். "பொஸ்தகத்துல வேண்டாங் கண்ணு. நான் பயந்தது ஊருக்குத் தெரிய வேண்டாம். எனக்கொண்ணு குடுங்க, ஊட்ல மாட்டிக்கறேன்" என்றார். அவர் பயந்ததைக் கதையில் எழுதியிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன், அந்தப் பக்கத்தைப் படித்தும் காட்டினேன். "அது உங்க கதைல வர்ற புள்ளையல்லோ" என்று விட்டுவிட்டார். அட்டையில் அறச்சலூர்ப் பாறை வந்தது.

படம் இப்போது அவர் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்), காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போடாததால் ஓரம் சுருளத் தொடங்கிவிட்டது. அளவு எடுத்து வந்திருக்கிறேன், 12க்கு 18. அடுத்த முறை காங்கேயம் போகும்போது சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.